தனிநாயகம் அடிகளார்: பல பண்பாடுகளின் நடுவே ஒரு கத்தோலிக்க ஆசிரியர்



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் காலம். இந்த நாட்களில் பங்குத்தந்தையரிடம் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. "சாமி, நம்ம பள்ளிக்கூடத்துல நம்ம பிள்ளைகளுக்குத்தானே முதல் இடம்?" என்பது ஒன்று. "வேற சாமி கும்பிடுற பிள்ளைகளோட சேர்ந்து படிச்சா நம்ம பிள்ளைகளோட விசுவாசம் என்னாகும்?" என்பது இரண்டாவது. "தமிழைப் படிச்சு என்ன சாமி ஆகப்போகுது?" என்பது மூன்றாவது. கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணி அஞ்சும் தாய் தந்தையர். எனவே, இந்தக் கேள்விகளைத் தட்டிக்கழிக்காமல், பதில் தேட வேண்டிய கடமை நமக்கு உண்டு.

இந்தக் கேள்விகளுக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒரு குருவானவர் இருக்கிறார். அவர்தான் தவத்திரு சேவியர் தனிநாயகம் அடிகளார். உலகத் தமிழ் மாநாட்டைத் தொடங்கியவர் என்று அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் அடிப்படையில் ஓர் ஆசிரியர். கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பல மதத்தவரும் பல மொழியினரும் வாழும் நாடுகளில் பாடம் சொன்னவர். இந்தக் கோணத்தில் நாம் அவரை அதிகம் பார்த்ததில்லை.

நம் மண்ணின் பன்மை

முதலில் நம்மைச் சுற்றிப் பார்ப்போம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தியும் மிளகாயும் மல்லியும் சோளமும் விளைந்தால் உண்டு. கண்மாய் நிறையாத ஆண்டில் கரிமூட்டமும் மில் வேலையும்தான் சோறு போடும். நிலம் வறண்டதே தவிர, மக்கள் வாழ்வு வறண்டதல்ல. அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு. சுற்றுப்புறக் கிராமங்களில் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம். தமிழ் பேசும் பல சமூகத்தவர், இஸ்லாமியர், இந்துக்கள், நம்மைப் போன்ற கிறிஸ்தவர்கள் என்று அனைவரும் ஒரே சந்தையில் காய் வாங்குகிறோம்; ஒரே பேருந்தில் மதுரைக்குப் போகிறோம்.

குண்டாற்றங்கரைத் திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு பிறந்த வேங்கடராமன் என்ற சிறுவனே பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த பெரியவர். அவர் மதுரையில் படித்தது ஸ்காட் நடுநிலைப்பள்ளியிலும், அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியிலும். இவை கிறிஸ்தவச் சகோதரர்கள் நடத்திய பள்ளிகள். 1896-இல் அங்கிருந்துதான் அவர் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. இறைவனுக்கு மட்டுமே தெரியும்.

ஊர்காவற்துறையிலிருந்து உரோமைக்கு

தனிநாயகம் அடிகளார் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 அன்று, யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்துறையில் உள்ள கரம்பன் என்னும் ஊரில் பிறந்தார். ஊர்காவற்துறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றார். கொழும்பு குருமடத்தில் மெய்யியல் படித்தார். 1934-இல் உரோமை சென்றார். 1938 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

உரோமையில் அவர் எழுதிய இறையியல் ஆய்வேடு புனித சிப்ரியான் காலத்துக் கார்த்தேஜ் திருச்சபையின் குருக்களைப் பற்றியது. மூன்றாம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்கத் திருச்சபையைப் பற்றி ஒரு யாழ்ப்பாணத் தமிழர் ஆராய்ந்தார். கத்தோலிக்கம் என்றால் ஐரோப்பா என்று நம்மில் பலர் இன்றும் நினைக்கிறோம். ஆதித் திருச்சபையின் பெரும் ஆயர்களுள் ஒருவர் ஆப்பிரிக்க மண்ணைச் சேர்ந்தவர் என்பதை இளமையிலேயே ஆழ்ந்து கற்றவர் அடிகளார். பல நாட்டு மாணவர்கள் கூடிப் படித்த அந்தக் கல்லூரியில்தான் அவருக்கு ஒரு கேள்வி பிறந்தது. மற்றவர்கள் தம் மொழியையும் இலக்கியத்தையும் பற்றிப் பெருமையோடு பேசும்போது, என் மொழியைப் பற்றி நான் என்ன சொல்வேன்?

பிறர் பண்பாட்டோடு பழகும்போதுதான் தம் பண்பாட்டின்மேல் அவருக்குத் தாகம் பிறந்தது. பிறரோடு பழகினால் நம்முடையது கெட்டுவிடும் என்று அஞ்சுகிறோமே, அடிகளாருக்கு நடந்தது நேர்மாறானது.

வடக்கன்குளத்தில் மாணவரான ஆசிரியர்

இந்தியா வந்த அவர், ஆயர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையின் கீழ் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். 1940 முதல் 1945 வரை வடக்கன்குளம் புனித தெரேசாள் உயர்நிலைப்பள்ளியில் பணியாற்றினார். இறையியலில் முனைவர், பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். ஆனால் தமிழ் இலக்கியத்தில் தமக்குப் பயிற்சி போதாது என்பதை அங்கே உணர்ந்தார். உடனே சுப்பிரமணிய ஐயர் என்னும் தமிழ்ப் பண்டிதரிடம் பாடம் கேட்கத் தொடங்கினார். ஒரு கத்தோலிக்கக் குரு ஓர் இந்துப் பண்டிதர் முன் மாணவராக அமர்ந்தார். எந்த மேடையிலும் அறிவிக்கப்படாத மதநல்லிணக்கம் இது.

இது நம் மறைப்பணி வரலாற்றுக்குப் புதிதுமல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், தமிழையும் தெலுங்கையும் வடமொழியையும் இந்நாட்டு ஆசிரியர்களிடம் கற்ற பின்னரே எழுதத் தொடங்கினார். நற்செய்தியை எடுத்துச் சொல்ல வந்தவர் முதலில் செவிமடுக்க வேண்டும் என்பது மதுரை மறைப்பணித்தளத்தின் பழைய பாடம்.

1945-இல், தமது 32-ஆம் வயதில், அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை மாணவராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே சங்க இலக்கியத்தில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு செய்து எம்.லிட். பட்டம் பெற்றார். அந்த ஆய்வு அவருக்கு ஓர் அடிப்படை உண்மையைக் காட்டியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வு, ஒரு தொழில், ஒரு பறை, ஒரு பண் என்று பகுத்த நம் முன்னோர், எந்த நிலத்தையும் தாழ்ந்தது என்று ஒதுக்கவில்லை. வறண்ட பாலைக்கும் இலக்கியத்தில் சரிசமமான இடம் தந்தார்கள். இன்று நம் பகுதியை மூடிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தைச் சங்கப் புலவர்கள் பார்த்ததில்லை; அது பின்னாளில் அயல்நாட்டிலிருந்து வந்தது. ஆனால் நீரில்லாத நிலத்து மனிதரின் ஏக்கத்தை அவர்கள் அறிந்திருந்தார்கள். "எங்க ஊரு காஞ்ச காடு சார்" என்று தலைகுனியும் நம் மாணவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாமா?

கல்வியியல் பேராசிரியர்

1948-இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவிய அடிகளார், அதன்பின் உலகப் பயணம் மேற்கொண்டார். 1952-இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழைத் தமிழருக்கே தமிழில் புகழ்ந்துகொண்டிருப்பதால் பயனில்லை, பிறர் அறிய வேண்டுமானால் பிறர் மொழியில் சொல்ல வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது பண்டைத் தமிழ் இலக்கியத்தில் காணும் கல்விச் சிந்தனை. பாணரும் புலவரும் சமணப் பெரியோரும் பௌத்தத் துறவியரும் நம் சமுதாயத்துக்கு எப்படி ஆசிரியர்களாக இருந்தார்கள் என்பதை அவர் ஆராய்ந்தார். வேற்றுச் சமயத்து ஆசான்களின் பெருமையை நேர்மையோடு எழுத, அவருடைய கத்தோலிக்க விசுவாசம் தடையாக இருக்கவில்லை.

1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அடிகளார் தமிழ் மக்களின் மொழி உரிமைக்காகப் பேசினார், எழுதினார். பன்மையை மதிப்பவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் அல்லர். பெரும்பான்மையின் மொழி சிறுபான்மையின் மொழியை விழுங்க வரும்போது, அது நீதிக்கு எதிரானது என்று சொல்வதும் கல்வியாளரின் கடமை.

1961-இல் கோலாலம்பூர் சென்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவரானார். 1969 வரை அங்கே பணியாற்றினார். மலாய், சீனர், இந்தியர் சேர்ந்து வாழும் நாடு அது. அங்கே அவர் ஆற்றிய பேராசிரியர் தொடக்க உரை, இந்தியச் சிந்தனையையும் உரோமைய ஸ்தோயிக்கர்களின் சிந்தனையையும் ஒப்பிட்டது. திருவள்ளுவரும் செனக்காவும் ஒரே மேடையில் பேசினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு உலகங்களையும் உள்ளிருந்து கற்றவரால்தான் அப்படி ஒப்பிட முடியும்.

1964 ஜனவரியில் புது டில்லியில் கீழ்த்திசையியல் அறிஞர் மாநாட்டுக்கு வந்திருந்தவர்களை ஒன்று கூட்டி, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை அவரும் பேராசிரியர் வ.அய். சுப்பிரமணியமும் மற்றோரும் உருவாக்கினர். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா அதன் தலைவரானார். செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் அடிகளாரோடு செயலாளர் பொறுப்பை ஏற்றார். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. அடுத்து 1968-இல் சென்னை, 1970-இல் பாரிஸ், 1974-இல் யாழ்ப்பாணம். நம் அருகிலுள்ள மதுரையில் 1981 ஜனவரியில் ஐந்தாம் மாநாடு கூடியபோது அதைக் காண அவர் இல்லை. 1980 செப்டம்பர் 1 அன்று இறைவனடி சேர்ந்திருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு அந்தாம் தெ புரொயென்சா தொகுத்து, 1679-இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தவர் அடிகளார். அதை 1966-இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். நம் மொழியின் ஒரு செல்வம் திருச்சபையின் நூலகத்தில் முந்நூறு ஆண்டுகள் பத்திரமாக இருந்தது. அதைத் தேடி எடுப்பதற்கு உரோமையையும் தமிழையும் ஒருசேர அறிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

திருச்சபையின் போதனை

அடிகளார் மலாயாவில் இருந்த காலத்தில்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்தது. 1965 அக்டோபர் 28 அன்று சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதே நாளில், பிற சமயங்களோடு திருச்சபையின் உறவு பற்றிய அறிக்கையையும் வெளியிட்டது. இரண்டும் ஒரே நாளில் வந்ததை நாம் மனத்தில் கொள்வது நல்லது. நம் பள்ளியையும் பிற சமயத்தாரோடு நமக்குள்ள உறவையும் பிரித்துப் பார்க்க இயலாது.

2013-இல் கத்தோலிக்கக் கல்விக்கான வத்திக்கான் பேராயம், நம் பள்ளிகளில் பண்பாடுகளுக்கிடையே உரையாடல் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. அது இரண்டு தவறான வழிகளைச் சுட்டிக்காட்டுகிறது. ஒன்று, 'அவரவர் வழி அவரவர்க்கு' என்று ஒதுங்கி இருப்பது. சண்டை இல்லை, ஆனால் உறவும் இல்லை. மற்றொன்று, 'எங்களைப் போல் மாறினால் சேர்த்துக்கொள்வோம்' என்று பிறரைக் கரைத்துவிடுவது. இவ்விரண்டையும் விட்டு, ஒருவரிடம் ஒருவர் கற்று இருவரும் வளரும் உரையாடலே கத்தோலிக்கக் கல்வியின் வழி என்று அந்த ஏடு கூறுகிறது. அடிகளார் பல ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து காட்டியது இதைத்தான். நம் நெசவாளர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாவும் ஊடையும் தனித்தனியே கிடந்தால் நூல், பின்னினால்தான் சேலை.

பன்மை வேறு, பாகுபாடு வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பன்மை என்ற நல்ல சொல்லைச் சாதிப் பாகுபாட்டுக்குத் திரையாகப் பயன்படுத்தக் கூடாது. 'அவங்க பழக்கம் வேற, எங்க பழக்கம் வேற' என்று சொல்லித்தான் நம் நாட்டில் பல சுவர்கள் எழுந்தன. அடிகளார் பணியாற்றிய அதே வடக்கன்குளத்தில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயம், சாதிக்கொரு பக்கமாக அமரும்படி இரண்டு கிளைகளாக அமைந்தது. நடுவே தடுப்பும் இருந்தது. 1910-இல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. ஒரே பீடம், ஒரே அப்பம். ஆனால் இரண்டு பக்கம். இதைப் பண்பாட்டு வேறுபாடு என்று எவரும் இன்று சொல்ல மாட்டார்கள். அது பாவம்.

அந்தத் தடுப்பு இடிந்து நூறாண்டுக்குப் பின், 2023 ஆகஸ்டில், அதே நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் உடன் படித்த மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டனர். இதையடுத்து அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர்கள் கையில் சாதி அடையாள வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. சுவர் இடிந்தது, ஆனால் கயிறாக மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. நம் பிள்ளைகளின் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறோமா?

மொழியும் உணவும் பாட்டும் நிலமும் இறைவன் தந்த வேறுபாடுகள்; அவற்றை அறிய அறிய அன்பு வளரும். உயர்வு தாழ்வு மனிதன் உண்டாக்கியது. ஒருவரையொருவர் அறியாமல் இருந்தால்தான் அது பிழைக்கும். ஆகவேதான் பிறரை மதிப்பது என்பது, அவரைச் சகித்துக்கொள்வதில் முடிவதில்லை. அவரைக் கற்றுக்கொள்வதில் தொடங்குகிறது. அடிகளாரின் வாழ்வு நமக்குத் தரும் ஒரே பாடம் இதுதான்.

மூன்று கேள்விகளுக்கும் பதில்

நம் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கு முதலிடமா? இந்திய அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. ஏழைக் கத்தோலிக்கப் பிள்ளைக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த உரிமை நம்மைக் காக்கும் கூரையே தவிர, பிறரைத் தடுக்கும் வேலி அல்ல. பெந்தெகோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழி பேச வைக்கவில்லை. கூடியிருந்த ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்கச் செய்தார். நம் பள்ளியும் அப்படி இருக்க வேண்டும்.

விசுவாசம் என்னாகும்? பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் பிள்ளையால் விசுவாசம் போவதில்லை. வீட்டில் செபமும் ஞாயிறு மறைக்கல்வியும் இல்லாதபோதுதான் போகிறது. ஏதென்சு நகரில் திருத்தூதர் பவுல் அங்கிருந்தோரின் வழிபாட்டிடங்களை உற்றுப் பார்த்தார், அவர்களுடைய கவிஞர்களின் சொல்லை எடுத்தே பேசினார். தம் விசுவாசத்தை உறுதியாக அறிந்தவருக்கு அடுத்தவர் வீட்டுக்குள் போக அச்சமில்லை.

தமிழைப் படித்து என்ன ஆகும்? ஆங்கிலம் வேண்டாம் என்று அடிகளார் சொல்லவில்லை. அவர் ஆங்கிலத்தில்தான் அதிகம் எழுதினார். ஆனால் கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருந்தால்தான், கொடுக்கும் கருவியாகிய ஆங்கிலத்துக்கு மதிப்பு. வெறுங்கையோடு உலகச் சந்தைக்குப் போகிறவன் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஆசிரியர்களாகிய நீங்கள், ஒரு நாள் வகுப்பில் 'வீடு' என்பதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். தெலுங்கு பேசும் பிள்ளை 'இல்லு' என்பான். கன்னடம் பேசும் பிள்ளை 'மனெ' என்பாள். தமிழில் 'இல்' என்றும் 'மனை' என்றும் சொற்கள் உண்டே என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். கேலிக்குப் பயந்து வீட்டு மொழியை மறைத்துவைத்திருந்த பிள்ளை அன்று நிமிர்ந்து உட்காரும். பெற்றோர்களே, வீட்டில் தமிழோ தெலுங்கோ எதுவானாலும், பாட்டியின் கதையைப் பிள்ளைகள் கேட்கட்டும். அன்பியக் கூட்டங்களில், நம் ஊரில் வாழும் மற்றச் சமயத்தவரின் திருநாட்களைப் பற்றி அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வோம். பிள்ளைகளின் கையில் கட்டிய கயிறு என்ன நிறம், ஏன் அந்த நிறம் என்று அன்போடு கேட்போம்.

சிந்தனைக்கு:

1. என் பிள்ளையின் நெருங்கிய நண்பர்களில், வேறு சமூகத்தையோ வேறு சமயத்தையோ சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்கள் நம் வீட்டில் சாப்பிட்டதுண்டா?

2. அடுத்த தெருவில் வாழ்வோரின் மொழியில் எனக்கு எத்தனை சொற்கள் தெரியும்?

3. நம் பள்ளியில் படித்துச் சென்ற ஒரு மாணவன், நம்மைப் பற்றித் தன் ஊரில் என்ன சொல்வான்? மதிப்பெண்ணைப் பற்றி மட்டுமா, தன்னை மனிதனாக நடத்தியதைப் பற்றியுமா?

எல்லா மொழிகளையும் அறிந்த இறைவன், ஒருவரையொருவர் கற்றுக்கொள்ளும் பொறுமையை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவாராக.